‘ஓப்பன்’ என்னும் வினையும் சீன மாணாக்கரும்

மாலை மயங்கி இருள் சூழ்ந்த அறையொன்றினுள் சீன மாணாக்கன் ஒருவனும் அவனுடைய ஆங்கில நண்பனும் நுழைகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மாணாக்கன் நண்பனை நோக்கி, ‘ஓப்பன் த லைற்’ என்கிறான். ‘விளக்கைத் திற’ என்பது அதன் பொருள். நண்பன் ஒரு கணந் தயங்குகிறான். அறையிற் கதவு உண்டு, யன்னல் உண்டு, அவற்றைத் திறக்கலாம். விளக்கை எவ்வாறு திறப்பது? பின்னர்க் குறிப்பால் உணர்ந்து மின்னாளியை அழுத்துகிறான். வெளிச்சம் வருகின்றது. காரியம் முடிந்தது, ஆனால், வினா முடியவில்லை.

‘ஓப்பன்’ என்பது ஆங்கிலங் கற்கப் புகும் எவரும் முதலாம் வாசகத்திலேயே சந்திக்கும் எளிய சொல். அதன் எழுத்தையும் ஒலியையும் பொருளையும் அம்மாணாக்கன் பிழையின்றி அறிந்தவன். அறிந்திருந்தும் அதனைப் பொருந்தாத இடத்தில் ஆண்டான். இத்தகைய தவறு ஒருவரிருவரிடம் மாத்திரம் காணப்படுவதன்று. சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் பயில்வோரிடம் தலைமுறை தலைமுறையாகக் காணப்படுவது. ஒரே தவறு பல்லாயிரம் பேரிடம் ஒரே வடிவில் தோன்றுமாயின், அதற்குக் கவனக்குறைவு காரணமாகாது. அதன் வேரை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். அவ்வேர் சீன மொழியின் ஒரு வினைச்சொல்லில் உள்ளது.

அச்சொல் ‘கய்’ என்பது. மூச்சைச் சிறிது மிகுத்து, குரலை உயர்ந்த நிலையில் ஏற்ற இறக்கமின்றி நிறுத்தி அதனை ஒலிப்பர். சீன எழுத்து ஒலியைக் காட்டுவதோடு பொருளின் சுவட்டையும் தாங்கி நிற்பது. இச்சொல்லின் பண்டைய எழுத்து வடிவில், இரண்டு சிறகுகளையுடைய ஒரு வாயிற் கதவு காணப்படும். கதவின் குறுக்கே தாழ்க்கோல் ஒன்று. அதன் கீழே அதனைத் தூக்கும் இரண்டு கைகள். தாழை அகற்றிக் கதவைத் திறத்தல் என்னும் செயலே எழுத்தாக உருப்பெற்றது. சீன மக்கள் குடியரசில் 1956ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட எழுத்தெளிமைத் திட்டத்தையடுத்து, கதவின் வடிவம் நீக்கப்பட்டு, தாழும் கைகளுமாகிய உட்பகுதியின் சுவடு மாத்திரமே எஞ்சியது. தைவானிலும் ஹொங்கொங்கிலும் கதவோடு கூடிய பழைய வடிவமே வழங்குகின்றது.

எழுத்திலிருந்து கதவு நீங்கியது 1956இன் பின்னரேயாயினும், பொருளளவில் அச்சொல் அதற்கு நெடுங்காலம் முன்னரே கதவைவிட்டு வெளியேறிவிட்டது. தாழை அகற்றினால் நிகழ்வது யாது? தடை நீங்குகிறது; தடுக்கப்பட்டிருந்தது புறப்படுகிறது. இந்தக் கருத்தைப் பற்றிக்கொண்டு ‘கய்’ என்னும் வினை பல துறைகளிலும் பரந்தது. மலர் மலர்வதும் ‘கய்’. நீர் கொதிப்பதும் ‘கய்’. கொதித்த நீருக்குச் சீனர் வழங்கும் பெயரும் ‘திறந்த நீர்’ என்றே பொருள்படும். மோட்டார் வண்டியை ஓட்டுதல் வண்டியைத் திறத்தல். கப்பல் புறப்படுதல் கப்பல் திறத்தல். கூட்டம் நடத்துதல் கூட்டந் திறத்தல். வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதினால் மருந்தைத் திறக்கிறார். வணிகர் காசோலை எழுதினால் காசோலையைத் திறக்கிறார். நகையாடுதல் நகையைத் திறத்தல் ஆகும். மகிழ்ச்சியோ எனில், அது ‘திறந்த நெஞ்சம்’.

இவற்றையெல்லாம் தனித்தனியே நோக்கின் தொடர்பற்றனவாய்த் தோன்றும். ஒருங்கே நோக்கினால், அடங்கியிருந்தது வெளிப்படுதல், நின்றிருந்தது இயங்கத் தொடங்குதல் என்னும் ஒரே இழை அவற்றினூடே ஓடுவது புலனாகும். மொட்டினுள் அடங்கிய மலரும், கலத்தினுள் அடங்கிய கொதிப்பும், இயந்திரத்தினுள் அடங்கிய விசையும் சீனர் கண்ணுக்கு ஒரே இனத்தவை. அவ்வாறாயின், கம்பியினுள் அடங்கியிருந்த ஒளி வெளிப்படுதலை வேறு எச்சொல்லாற் கூறுவர்? விளக்கைத் திறத்தல் என்பது அவர்தம் மொழியில் முற்றிலும் நேரிய வழக்காகும்.

இனி, ஆங்கில வினையை நோக்குவோம். ‘ஓப்பன்’ என்பதன் நடுப்பொருள் மூடலை நீக்குதல். மூடி, மடிப்பு, உறை, வாயில் ஆகிய ஒன்று இருத்தல் வேண்டும். அது நீங்கியதும் உட்புறமோ வழியோ புலப்படுதல் வேண்டும். கதவு, பெட்டி, நூல், கடிதம், குடை, கண், வாய் ஆகிய அனைத்தும் இவ்விதிக்கு அமைவன. இவ்விடங்களில் ஆங்கிலமும் சீனமும் பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன. கடை திறத்தல், வங்கியிற் கணக்குத் திறத்தல் முதலிய ஆக்கப் பொருள்களிலுங்கூட ஒற்றுமை உண்டு. போர்க்களத்திற் சுடத் தொடங்குதலை ஆங்கிலேயர் ‘நெருப்பைத் திறத்தல்’ என்பர். சீனரும் அவ்வாறே கூறுவர்.

இந்த ஒற்றுமையே மாணாக்கனுக்கு இடர் விளைப்பது. இரண்டு மொழிகளும் எங்கும் ஒவ்வாதிருப்பின், அவன் ஒவ்வோரடியையும் எச்சரிக்கையோடு எடுத்து வைப்பான். பத்து இடங்களில் நேராகச் சென்ற பாதை பதினோராம் இடத்திற் பிரியுமென்று அவன் எதிர்பார்ப்பதில்லை. அகராதியிலே ‘ஓப்பன்’ என்னுஞ் சொல்லுக்கு நேரே ‘கய்’ என்று எழுதியிருப்பதைக் கண்ட அளவில், இரண்டும் ஒன்றெனவே கொண்டுவிடுகிறான். அகராதி கூறியது பொய்யன்று, முழு உண்மையுமன்று. இரு சொற்களும் ஒன்றையொன்று ஓரளவே தழுவுகின்றன. தழுவாத பகுதியிலேதான் தவறு பிறக்கின்றது.

அப்பகுதியில் நிகழும் தடுமாற்றங்கள் சிலவற்றை எடுத்துக் காட்டலாம். ‘வானொலியைத் திற’ என்று ஆங்கிலத்திற் கூறினால், கேட்பவர் திருப்புளியை எடுத்து அதன் முதுகுப் பலகையைக் கழற்ற வேண்டுமோ என்று ஐயுறுவார். ‘என் தந்தை மோட்டார் வண்டியைத் திறக்கிறார்’ என்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, அதன் கதவு மாத்திரம் திறக்கும். ‘நேற்று ஒரு கூட்டந் திறந்தோம்’ என்றால், கூட்டத்தைத் தொடக்கி வைத்தமை மாத்திரம் ஆங்கிலேயர் மனத்திற் படும். அது நடந்து முடிந்ததா என்பது விளங்காது. முதலிரண்டும் நகைப்புடன் கழிந்துவிடும். மூன்றாவது அவ்வாறன்று. அலுவலகக் கடிதத்தில் அது இடம்பெற்றால், நடந்து முடிந்த கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருப்பதாகப் பொருள்கொள்ளப்படலாம்.

இவற்றிலும் கூர்மையான இடம் மின்னியல் சார்ந்தது. நீர்க்குழாயின் வாயிலைத் திறந்தால் நீர் ஓடும். ஆனால், ஆங்கில மின்னியல் வழக்கில் ஆளியைத் திறத்தல் என்றால் மின்னோட்டத்தைத் துண்டித்தல் என்று பொருள். சுற்று மூடியிருந்தாலே மின் ஓடும், சுற்றில் ஓரிடம் திறந்துவிட்டால் ஓட்டம் நிற்கும், விளக்கு அணையும். சீனரின் அன்றாடப் பேச்சிலோ ‘கய்’ என்பது விளக்கை எரியச் செய்தலாகும். ஆளிக்குச் சீனர் வழங்கும் பெயரே ‘கய்குவான்’, அதாவது ‘திறத்தல் மூடல்’ என்பதாம். சீன மின்வல்லுநர் தம் தொழிலில் இம்மயக்கம் நேராவண்ணம் வேறு சொற்களை ஆள்கின்றனர். எனினும், அன்றாடச் சொல்லை அப்படியே ஆங்கிலமாக்கி, ‘ஆளியைத் திற’ என்று தொழிற்சாலையில் ஒருவர் கூறுவாராயின், கூறியவர் கருதியது மின்னைச் செலுத்துதல். கேட்டவர் கொண்டது மின்னை நிறுத்துதல். உயிரோடு தொடர்புடைய வேலைகளில் இத்தகைய எதிர்ப்பொருள் விளையாட்டன்று. ஒரு சிறு வினையின் வரம்பை நன்கறிதல் இலக்கணப் பரீட்சைக்கு அப்பாலும் பயன்படும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அங்ஙனமாயின், ஆங்கிலேயர் விளக்கை என்ன செய்கின்றனர்? அவர் அதனைத் ‘திருப்புகின்றனர்’. ‘டேர்ண் ஒன் த லைற்’ என்பது அவர்தம் வழக்கு. ஆளியை அழுத்தும் இக்காலத்தில் எதனைத் திருப்புகிறார்கள் என்று சீன மாணாக்கன் வினவினால், அவ்வினா நியாயமானதே. மின்விளக்கு வருமுன் ஆங்கில நகரங்களில் வாயு விளக்குகள் எரிந்தன. 1807இல் லண்டன் மாநகரின் பால் மால் வீதியில் வாயு விளக்குகள் ஏற்றிக் காட்டப்பட்டன. 1812இல் அதற்கெனக் கம்பெனியொன்றும் அமைந்தது. வாயு விளக்கை எரிக்க வேண்டின், குழாயின் திருகைத் திருப்ப வேண்டும். நீர்க்குழாயைத் திருப்புவது போன்றதே அது. பின்னர் மின்சாரம் வந்தது, திருகு மறைந்தது, சொல் மாத்திரம் நின்றுவிட்டது.

சீனத்திலும் நிகழ்ந்தது இதனை ஒத்ததே. எண்ணெய் விளக்கையும் மெழுகுதிரியையும் ஏற்றுதற்குச் சீனர் ‘தியென்’ என்ற வேறொரு வினையை ஆண்டனர். தீயைத் திரியின் நுனியில் தொட்டு வைத்தல் என்பது அதன் கருத்து. 1882இல் ஷாங்ஹாய் நகரில் மின்விளக்குகள் எரியத் தொடங்கின. தீயும் திரியும் இல்லாத அப்புதிய விளக்கிற்குப் பழைய வினை பொருந்தாமையின், ‘கய்’ என்னும் வினை வழக்கில் நிலைபெற்றது. தமிழிலும் குத்துவிளக்கை ஏற்றுகின்றோம், மின்விளக்கைப் ‘போடுகின்றோம்’. ஒளியை எடுத்து எங்கே போடுகின்றோம் என்று எவரும் வினவுவதில்லை. புதுப்பொருள் ஒன்று வந்தபோது, ஒவ்வொரு மொழியும் தன் பெட்டகத்திலிருந்த பழைய ஆடையொன்றை எடுத்து அதற்கு அணிவித்தது. ஆங்கிலத்தின் ஆடை திருப்புதல். சீனத்தின் ஆடை திறத்தல். தமிழின் ஆடை போடுதல். இவற்றுள் ஒன்று அறிவுக்குப் பொருந்துவது, மற்றையவை பொருந்தாதவை என்று கூறுதற்கு இடமில்லை.

விளக்கைத் திறப்போர் சீனர் மாத்திரமும் அல்லர். மலாய் மொழியினர், தாய்லாந்து மக்கள், பிலிப்பைன் தீவுகளின் தகாலொக் மொழியினர், கிரேக்கர், கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு மொழியினர் ஆகியோர் அனைவரும் தத்தம் மொழியில் விளக்கைத் திறப்பவர்களே. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கும் அரச மொழிகளாக விளங்கும் சிங்கப்பூரில், மக்களின் பேச்சாங்கிலத்திலே ‘ஓப்பன் த லைற்’ என்னும் வழக்கு இயல்பாகவே கேட்கப்படுகின்றது. அங்கே சீனமும் மலாயும் ஒரே திசையைக் காட்டுவதால், ஆங்கிலமும் அத்திசையிற் சாய்ந்தது போலும்.

பொருளில் மாத்திரமன்றி, இலக்கணத்திலும் இவ்வினை சீன மாணாக்கரைச் சோதிக்கின்றது. ஆங்கிலத்தில் ‘கடை மூடியிருக்கிறது’ என்பதற்கு ‘த ஷொப் இஸ் குளோஸ்ட்’ என்பர். வினையின் இறுதியில் இறந்தகால விகுதி போன்ற ஓர் உறுப்புச் சேர்கின்றது. இதனை அறிந்த மாணாக்கன், ‘கடை திறந்திருக்கிறது’ என்பதற்கும் அவ்விகுதியைச் சேர்த்து, ‘த ஷொப் இஸ் ஓப்பன்ட்’ என்கிறான். அவன் கையாண்ட தருக்கத்திற் பிழையில்லை. ஆனால், ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ என்பது வினையாக நிற்பதோடு, திறந்த நிலையைக் குறிக்கும் அடைமொழியாகவும் தானே நிற்கும், விகுதி வேண்டாது. ‘த ஷொப் இஸ் ஓப்பன்’ என்பதே வழக்கு. விகுதியோடு கூடிய ‘ஓப்பன்ட்’ என்பது, எவரோ திறந்தனர் என்னும் செயலையே சுட்டும். ‘நூலகம் காலையில் அமைச்சராற் றிறக்கப்பட்டது’ என்பது போன்ற இடத்திற்கு அது பொருந்தும்.

சீன வினை காலத்திற்கேற்ப வடிவம் மாறுவதில்லை. ‘கய்’ என்பது நேற்றும் இன்றும் நாளையும் ‘கய்’ என்றே நிற்கும். செயல் நிகழ்ந்து நிலை மாறியமையைக் காட்ட ‘ல’ என்னும் சிறு சொல்லும், அந்நிலை தொடர்ந்திருத்தலைக் காட்ட ‘ஜ’ என்னும் சிறு சொல்லும் பின்னே வந்து சேரும். ஆகவே, கதவு திறந்தது என்பதற்கும் கதவு திறந்திருக்கிறது என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சீன மாணாக்கன் நன்கறிவான். ‘ஜ’ என்னும் அச்சிறு சொல்லுக்கு ஈடாக ஆங்கிலத்திலும் ஏதாவதொன்று பின்னே ஒட்டவேண்டும் என்று தேடுகிறான். கைக்குக் கிடைத்தது அந்த விகுதி. எதனையும் ஒட்டாமலே அப்பொருளைப் பெறலாம் என்பது அவனுக்கு எளிதில் தோன்றுவதில்லை.

கணினி பரவிய இக்காலம் மற்றொரு சிக்கலையும் கொணர்ந்துள்ளது. கணினியை இயக்குதலுக்கு ஆங்கிலேயர் ‘டேர்ண் ஒன்’ என்பர்; கணினியினுள் இருக்கும் கோவையைப் பார்ப்பதற்கு ‘ஓப்பன்’ என்பர். கோவை என்றால் உறை. உறையைத் திறத்தல் பழைய விதிக்கு அமைந்ததே. மடிக்கணினியை ‘ஓப்பன்’ செய்தல் என்றால் அதன் மூடியைத் தூக்குதல், இயக்குதல் அன்று. ஆயினும், பொருள்கள் புதியனவாயினும் விதி பழையதே. உள்ளே பார்ப்பதற்குரிய மூடல் ஒன்று உண்டா? உண்டாயின் ‘ஓப்பன்’. விசை பாய்ந்து இயங்குவதா? ஆயின், ‘டேர்ண் ஒன்’ அல்லது ‘சுவிட்ச் ஒன்’. வண்டியாயின் ‘டிறைவ்’, கூட்டமாயின் ‘ஹோல்ட்’, காசோலையாயின் ‘றைற்’. இவ்வினாக்களை மனத்திற் கொண்டால் பெரும்பாலான தவறுகள் விலகும்.

சீன நாட்டில் ஆங்கிலக் கல்வி நெடிய வரலாறு உடையது. 1862இல் பீக்கிங் நகரில் அரசினர் நிறுவிய மொழிக் கல்லூரியில் மொழிபெயர்ப்பாளரை உருவாக்கும் பொருட்டு ஆங்கிலங் கற்பிக்கப்பட்டது. 1982இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ‘பொலோ மீ’ என்னும் ஆங்கிலப் பாடத்தொடர் சீனத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிப் பெருந்தொகையான மக்களை ஈர்த்தது. 2001இல் ஆரம்பப் பாடசாலையின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் புகட்டுமாறு கல்வியமைச்சு வழிவகுத்தது. சிறு பருவத்துப் பிள்ளைகள் பெருந்தொகையினராய் இவ்வினையைச் சந்திக்கும் நிலையில், தவறுகளை ஆசிரியர் எவ்வாறு நோக்குகிறார் என்பது சிறு காரியமன்று.

இத்துறையில் அறிஞர் கருத்தும் காலப்போக்கில் மாறி வந்துள்ளது. 1957இல் அமெரிக்க அறிஞர் றொபேட் லாடோ, தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டு நோக்கினால் மாணாக்கர் இடர்ப்படும் இடங்களை முன்னரே அறியலாம் என்று நூலொன்றில் விளக்கினார். 1967இல் பிற் கோடர் என்னும் பிரித்தானிய அறிஞர் மேலும் ஒருபடி சென்றார். தவறு என்பது களைந்தெறிய வேண்டிய குப்பையன்று; மாணாக்கன் தன் மனத்துள் அமைத்துக்கொண்ட விதியைக் காட்டும் சான்று என்பது அவர் கருத்தாகும். 1972இல் லறி செலிங்கர் அத்தகைய விதிகளின் தொகுதிக்கு ‘இடைமொழி’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். தாய்மொழியினின்றும் புறப்பட்டு, மறுமொழியைச் சென்றடையாத நிலையில், இடைவழியில் நிற்கும் மொழி அது. ‘விளக்கைத் திற’ என்னும் ஆங்கிலத் தொடர் அவ்விடைவழியில் நிற்கும் ஒரு மைல்கல் எனலாம்.

மாணாக்கனின் கொப்பியில் ‘ஓப்பன் த லைற்’ என்பதைக் காணும் ஆசிரியர் அதன்மீது சிவப்பு மையாற் கோடு கிழித்துவிட்டு அப்பாற் செல்லலாம். அம்மாணாக்கன் தன் வாக்கியம் தவறென்பதை அறிவான். ஏன் தவறென்பதை அறியான். தான் மந்தபுத்தியுடையவன் என்றும் எண்ணத் தலைப்படுவான். அடுத்த வாரம் வானொலியையும் திறப்பான். மாறாக, ஆசிரியர் ஐந்து நிமிடஞ் செலவிட்டு, ‘உன் மொழியில் விளக்கைத் திறக்கிறீர்கள், ஆங்கிலத்திலே திருப்புகிறார்கள், அவர்கள் அன்று திருப்பியது வாயுக்குழாயை’ என்று எடுத்துரைத்தால், அம்மாணாக்கன் இரண்டு மொழிகளையும் ஒருங்கே விளங்கிக்கொள்வான். அவன் தாய்மொழி அவனுக்குத் தடையாக அன்றித் துணையாக நிற்கும்.

கற்பவர் கைக்கொள்ள வேண்டிய முறையும் இதிலிருந்தே பெறப்படும். வினைச்சொல்லைத் தனித்து மனனஞ் செய்தல் ஆளற்ற வீட்டின் முகவரியை மனனஞ் செய்தல் போன்றது. அவ்வினை எந்தப் பெயர்ச்சொல்லோடு கூடி வாழ்கின்றது என்பதை அறிதல் வேண்டும். யப்பானில் ஆங்கிலம் போதித்த ஏ. எஸ். ஹோண்பி என்பார் தம் துணைவரோடு தொகுத்து 1942இல் தோக்கியோவில் வெளியிட்ட அகராதி, பின்னர் ஒக்ஸ்போட் பதிப்பாக உலகெங்கும் பரவியது. சொல்லின் பொருளைக் கூறுவதோடு நில்லாது, அது வாக்கியத்தில் அமையும் முறைகளையும் வகுத்துக் காட்டியமையே அதன் சிறப்பு. மாணாக்கர் தம் குறிப்புக் கொப்பியில் ‘ஓப்பன்’ என்று எழுதி அதற்கு நேரே ஒரு சீன எழுத்தை வரைவதைவிட, கதவு, நூல், கணக்கு, கடிதம் என்று அதன் துணைகளை வரிசையாக எழுதி, விளக்கையும் வானொலியையும் வேறொரு பக்கத்தில் ‘டேர்ண் ஒன்’ என்பதன்கீழ் எழுதி வைப்பாராயின், அகராதி சொல்லாது விட்ட எல்லை அவர் கண்முன்னே தோன்றும்.

இருண்ட அறையில் நின்ற அம்மாணாக்கன் கேட்டது வெளிச்சத்தையே. நண்பனும் சிறிது தயங்கினானாயினும் அதனை உணர்ந்து கொடுத்தான். அடுத்த முறை மாணாக்கன் ‘டேர்ண் ஒன்’ என்று கேட்பானாக. அவன் நாவில் அச்சொல் அமையும்வரை, ‘விளக்கைத் திற’ என்று அவன் கூறுவதைக் கேட்பவர் நகைத்துவிட்டுப் போகாது, அதன் பின்னே தாழ்க்கோலைத் தூக்கும் இரண்டு கைகளைக் காண்பாராக.